பெட் மேட்ச்சும் ஹார்மோனும்: டீமா ஆடுறப்போ உடம்புக்குள்ள என்ன நடக்குது?

நம்ம தெரு பசங்களையே ரெண்டா பிரிச்சு ஆடுற மேட்ச் வேற, பக்கத்து தெருக்காரங்களோட ஆளுக்கு பத்து ரூபா போட்டு ஆடுற பெட் மேட்ச் வேற. இதை தெருவுல கிரிக்கெட் ஆடுன யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். முதல் மேட்ச்ல கேட்ச் விட்டா கிண்டல் பண்ணுவாங்க, அவ்ளோதான். பெட் மேட்ச்ல விட்டா ராத்திரி சாப்பிடுறப்போகூட அந்த பால் கண்ணு முன்னாடி வரும். அதே பேட்டு, அதே டென்னிஸ் பால், ஸ்டம்புக்கு அதே மூணு கோடு போட்ட செவுரு, ஆனா உள்ளங்கை வேர்க்குது, வயித்த கலக்குது, போன வாரம் சண்ட போட்டு பேசாம இருந்தவன் விக்கெட் எடுத்தா நாமளே ஓடிப்போய் அவன தூக்குறோம்.

இதுல பாதி மனசு, பாதி ஹார்மோன்னு சொல்லலாம்னு பாத்தா அந்த ரெண்டையும் அவ்ளோ ஈஸியா பிரிக்க முடியல. ஹார்மோன பத்தி நெட்ல எழுதுறவங்க பெரும்பாலும் ஒரு சுவிட்ச் மாதிரி எழுதுறாங்க, டெஸ்டோஸ்டிரோன் ஏறுனா வெறி வரும், ஆக்ஸிடோசின் ஏறுனா பாசம் வரும்னு. அது அப்படி இல்லைங்க. எனக்கு புரிஞ்ச வரைக்கும் சொல்றேன், பயாலஜி பத்தாம் கிளாஸோட மறந்து போனவங்களுக்கும் புரியுற மாதிரி.

முதல்ல ஹார்மோன்னா என்னன்னு பாத்துடலாம். அந்த பேரையே 1905ல எர்னஸ்ட் ஸ்டார்லிங்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானிதான் வச்சாரு, கிரேக்கத்துல 'தூண்டி விடுறது'ங்கிற மாதிரி அர்த்தம். நரம்பு வழியா போற செய்தி, ஒருத்தருக்கு போன் போட்டு பேசுற மாதிரி, சட்டுனு போகும், ஒரு இடத்துக்குத்தான் போகும். ஹார்மோன் அப்படி இல்ல, ஆட்டோல மைக் கட்டிட்டு ஊரு முழுக்க அறிவிச்சுட்டு போவாங்களே அந்த மாதிரி. ஒரு சுரப்பி ரத்தத்துல கலந்து விடும், ரத்தம் போற இடமெல்லாம் அது போகும், ஆனா எந்த செல்லுல அதுக்கான ரிசப்டர், அதாவது அதை பிடிச்சு வாங்குற அமைப்பு, இருக்கோ அதுதான் காது கொடுத்து கேக்கும். மத்ததெல்லாம் 'நமக்கில்ல'னு வேலைய பாக்கும். அதனாலதான் ஒரே ஹார்மோன் ஒரே நேரத்துல தசையில ஒரு வேலை, கல்லீரல்ல ஒரு வேலை, மூளையில இன்னொரு வேலைனு பண்ணுது.

விளையாட்டுன்னு வந்தா முதல்ல வந்து நிக்கிறது அட்ரினலின். கிட்னிக்கு மேல தொப்பி மாட்டுன மாதிரி ரெண்டு சுரப்பி இருக்கு, அதோட உள்பக்கத்துல இருந்து வருது. சில செகண்டுல இதய துடிப்ப ஏத்திடும், கல்லீரல்ல இருந்து சர்க்கரைய ரத்தத்துக்கு தள்ளும், மூச்சு குழாய விரிக்கும். கபடில ரைடர் கோட்ட தாண்டி பாடிட்டு உள்ள போனா அவனுக்கு இருக்கிறது 30 செகண்டு, அந்த 30 செகண்டுக்கு ஏத்த மருந்து இதுதான். அதுக்கு மேல அட்ரினலின பத்தி பேச பெருசா ஒண்ணும் இல்ல.

கார்டிசால்தான் பாவம், எல்லாரும் வில்லனாக்கி வச்சிருக்காங்க. அதே சுரப்பியோட வெளிப்பக்கத்துல இருந்து வர்றது, ஆனா மெதுவா வரும், டென்ஷன் ஆரம்பிச்சு ஏறக்குறைய 20, 30 நிமிஷம் கழிச்சுதான் உச்சத்துக்கு போகும். டென்ஷனே இல்லன்னாலும் தினமும் காலைல கண்ணு முழிக்கிறப்போ நிறைய இருக்கும், ராத்திரி ஆக ஆக குறையும். உடம்புல இருக்கிற எரிபொருள எடுத்து கொடுக்கிறதே அதோட வேலை, மேட்ச் அன்னைக்கு அது ஏறலன்னாதான் பிரச்சனை. அளவுக்கு மீறி ஏறுறதும், மேட்ச் முடிஞ்சும் இறங்காம வாரக்கணக்கா அப்படியே நிக்கிறதும்தான் ஆள சாய்க்கும்.

அடுத்தது டெஸ்டோஸ்டிரோன். இது 'ஆம்பளைங்க ஹார்மோன்'னு சொல்றது பாதிதான் உண்மை, பெண்களுக்கும் சினைப்பைல இருந்தும், கிட்னி மேல இருக்கிற அந்த அட்ரினல் சுரப்பில இருந்தும் வருது, அளவு ரொம்ப கம்மி, ஆனா வேலை செய்யுது. மாசக்கணக்குல தசை வளர்க்கிற அதோட வேலைய விடுங்க, எனக்கு ஆச்சரியமா இருந்தது இது நிமிஷக்கணக்குல ஏறி இறங்கும்ங்கிறதுதான், அதுவும் யாரு எதிர்ல நிக்கிறாங்கன்னு பாத்து ஏறும்.

இங்கிலாந்துல நார்த்தம்ப்ரியா யுனிவர்சிட்டி ஆளுங்க 2003ல ஒரு ஆராய்ச்சி போட்டாங்க. ஃபுட்பால் பிளேயர்ஸோட எச்சில மேட்ச்சுக்கு முன்னாடி எடுத்து டெஸ்ட் பண்ணாங்க (ஊசி குத்தாம எச்சில்லயே ஹார்மோன் அளக்கலாம், இந்த துறையே அதுல தான் ஓடுது). வெளியூர் மேட்ச்ச விட சொந்த கிரவுண்டு மேட்ச்சுக்கு முன்னாடி டெஸ்டோஸ்டிரோன் அதிகம். எதிர்ல வர்றது பரம்பரை எதிரி டீம்னா இன்னும் அதிகம். கனடாவுல ஐஸ் ஹாக்கி பசங்க கிட்டயும் சொந்த கிரவுண்டுல இதே மாதிரி வந்துச்சு. சொந்த இடத்த காப்பாத்துற மிருகத்தோட புத்தி நம்ம உடம்புலயும் கொஞ்சம் மிச்சம் இருக்குன்னு அதுக்கு விளக்கம் சொன்னாங்க. நான் அதை முழுசா நம்புறேன்னு சொல்ல மாட்டேன், ஏன்னா சொந்த கிரவுண்டுல ஜெயிக்கிறதுக்கு கூட்டத்தோட சத்தம், அந்த சத்தத்துல அம்பயரோ ரெஃப்ரியோ சாயறது, பஸ்ல எட்டு மணி நேரம் வந்த அலுப்பு இல்லாதது, பிட்ச் எப்படின்னு தெரிஞ்சு வச்சிருக்கிறது எல்லாமே இருக்கு. ஆனா எச்சில்ல ஏறுனது ஏறுனதுதான்.

சரி, இப்போ பெட் மேட்ச்சுக்கு வருவோம். கரீபியன் கடல்ல டொமினிகானு ஒரு குட்டி தீவு இருக்கு, அங்க ஒரு கிராமத்துல ஆம்பளைங்க டோமினோ கட்டை ஆடுறத மானிடவியல் ஆளுங்க ரொம்ப வருஷமா கவனிச்சுட்டு வந்தாங்க. வெளி ஊர்க்காரங்கள ஜெயிச்சா டெஸ்டோஸ்டிரோன் ஏறுது. அதே ஆட்டத்துல சொந்த ஊரு நண்பனையே ஜெயிச்சா? ஏறல. கட்டை அதே கட்டை, ஜெயிச்சது அதே ஜெயிப்பு. இதை படிச்சப்போதான் எனக்கு பத்து ரூபா பெட் மேட்ச் ஞாபகம் வந்துச்சு, நம்ம தெரு பசங்கள ஜெயிக்கிறது ஏன் சப்புனு இருக்கும்னு.

அமேசான் காட்டு ஓரத்துல, பொலிவியால, ச்சிமானேனு ஒரு பழங்குடி மக்கள் இருக்காங்க. அவங்க ஆம்பளைங்களோட சாதாரண டெஸ்டோஸ்டிரோன் அளவு அமெரிக்கக்காரங்கள விட மூணுல ஒரு பங்கு கம்மி. அவங்களுக்கு ஃபுட்பால் போட்டி வச்சு பாத்தப்போ மேட்ச் முடிஞ்ச உடனே சுமார் 30 சதவீதம் ஏறியிருந்துச்சு. அப்போ அடிப்படை அளவு எவ்ளோங்கிறது ஒரு கதை, போட்டின்னு வந்தா எவ்ளோ எகிறுதுங்கிறது தனி கதை. ஜிம்ல 'எனக்கு டி லெவல் இவ்ளோ'னு பீத்திக்கிற அண்ணன்களுக்கு இதை சொல்லணும்.

இன்னொன்னு, ஆட்டமே ஆடாமகூட ஏறும். கனடாவுல ஹாக்கி பிளேயர்ஸுக்கு அவங்க ஜெயிச்ச பழைய மேட்ச் வீடியோவ போட்டு காமிச்சாங்க, டெஸ்டோஸ்டிரோன் ஏறிடுச்சு. ரக்பில இன்னும் ஒரு படி மேல போனாங்க. புரொஃபஷனல் பிளேயர்ஸுக்கு மேட்ச்சுக்கு முன்னாடி, அவங்க நல்லா ஆடுன கிளிப்ப காமிச்சு கோச் பாராட்டி பேசுனா ஒரு நாள், எதிர் டீம் ஆளு சூப்பரா ஆடுற கிளிப்ப காமிச்சு 'பாத்து இருந்துக்கோ'னு எச்சரிச்சா இன்னொரு நாள். முதல் வகையில டெஸ்டோஸ்டிரோன் ஏறுச்சு, மேட்ச்ல ஆட்டமும் நல்லா இருந்துச்சு. ரெண்டாவது வகையில ஏறுனது கார்டிசால். 2012ல வந்த ஆராய்ச்சி இது. நம்ம ஊர்ல பாதி கோச்சுங்க இன்னைக்கும் டிரஸ்ஸிங் ரூம்ல பண்றது அந்த ரெண்டாவது வேலைதான், 'அவன் பவுலிங்க பாத்தியா, நீயெல்லாம் நின்னுடுவியா'னு. ஸ்கூல் டீம்ல ஆடுறப்போ எங்க மாஸ்டர் ஒருத்தரு டாஸ் போடுறதுக்கு முன்னாடியே எங்கள பாதி அவுட் ஆக்கிடுவாரு.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் ஒவ்வொரு ஆளுக்குள்ள நடக்கிறது. டீமுக்கு என்ன ஆகுதுன்னு பாத்தா கதை கொஞ்சம் திரும்புது.

லண்டன்ல பெண்கள ஜோடி ஜோடியா, மொத்தம் 17 ஜோடி, உக்கார வச்சு, ஸ்கிரீன்ல அடுத்தடுத்து வர்ற ரெண்டு படத்துல ஒரு மங்கலான உருவம் எதுல இருந்துச்சுன்னு கண்டுபிடிக்க சொன்னாங்க. ரெண்டு பேருக்கும் வேற வேற பதில் வந்தா பேசி ஒரு முடிவுக்கு வரணும். சாதாரணமா தனியா சொல்றத விட பேசி முடிவு பண்ணா சரியா வருது. டெஸ்டோஸ்டிரோன் மாத்திரை குடுத்த நாள்ல மட்டும் அந்த லாபம் குறைஞ்சு போச்சு, ஏன்னா அவங்கவங்க 'நான் சொன்னதுதான் சரி'னு நின்னுட்டாங்க. ரன் அவுட்ட நினைச்சு பாருங்க. 'யெஸ், நோ, வெயிட்' சொல்றதும் அதை கேக்கிறதும் ரெண்டு பேரு சேந்து எடுக்கிற முடிவுதான், நான் ஸ்டிரைக்கர் கத்துறது காதுல விழாத அளவுக்கு ஒருத்தன் சூடேறி இருந்தா முடிஞ்சுது.

அதே நேரம் அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி, விளையாட்டு இல்ல, எம்பிஏ ஸ்டூடண்ட்ஸ் 370 பேர 74 குரூப்பா பிரிச்சு போட்டி வச்சது. 2016ல வந்துச்சு. இதுல தனி ஆளோட ஹார்மோன விட்டுட்டு குரூப்போட மொத்த கணக்க பாத்தாங்க. டெஸ்டோஸ்டிரோன் அதிகமா இருந்து, கூடவே கார்டிசால் கம்மியா இருந்த குரூப்தான் நல்லா பண்ணுச்சு. டெஸ்டோஸ்டிரோனும் அதிகம், கார்டிசாலும் அதிகம்னா அந்த குரூப் கீழ போயிடுச்சு. வேகம் இருக்கு ஆனா பதட்டமும் இருக்குன்னா அந்த வேகம் எதிரிகிட்ட போகாம டீமுக்குள்ளயே முட்டிக்கும்னு நான் புரிஞ்சுக்கிறேன். ரெண்டு ஹார்மோனையும் சேத்துதான் பாக்கணும்ங்கிற இந்த கருத்துக்கு ஆதரவாவும் எதிராவும் ரிசல்ட் வந்துட்டு இருக்கு, அதனால இதை கல்வெட்டு மாதிரி எடுத்துக்காதீங்க. ஆனா ஒத்த ஹார்மோன மட்டும் வச்சு ஜோசியம் சொல்றவங்கள விட இது எவ்வளவோ மேல்.

காலேஜ் பெண்கள் ஃபுட்பால்லயும் எச்சில் எடுத்து பாத்திருக்காங்க. மேட்ச் ஆடுறப்போ அவங்களுக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஏறுது. அதுல யாருக்கு மேட்ச்சுக்கு முன்னாடியே அதிகமா இருந்துச்சுன்னு பாத்தா, கூட ஆடுறவங்க கிட்ட நல்ல பேரும் நெருக்கமும் இருந்தவங்களுக்கு. முட்டி மோதுறவங்களுக்கு இருக்கும்னு நினைக்கிறது, டீம்ல ஒட்டிக்கிட்டு இருக்கிறவங்க கிட்ட இருக்கு.

இன்னொரு விஷயம், இது எனக்கு ரொம்ப பிடிச்சது. சுவிட்சர்லாந்துல ஒரு பேரம் பேசுற விளையாட்டு வச்சாங்க, சில பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன், சிலருக்கு சும்மா டம்மி மருந்து. நிஜமா டெஸ்டோஸ்டிரோன் சாப்பிட்டவங்க இன்னும் நியாயமா பங்கு குடுத்தாங்க. ஆனா 'நமக்கு டெஸ்டோஸ்டிரோன் குடுத்துட்டாங்க போல'னு நம்பினவங்க, அவங்க சாப்பிட்டது எதுவா இருந்தாலும் சரி, அராஜகமா நடந்துக்கிட்டாங்க! அந்த ஹார்மோனுக்கு இருக்கிற கெட்ட பேரே பாதி வேலைய பாத்துடுது.

இப்போ ஆக்ஸிடோசின். பேருக்கு அர்த்தமே சீக்கிரமா பிரசவம் ஆகுறது. பிரசவத்துல கர்ப்பப்பைய சுருங்க வைக்கும், தாய்ப்பால் வர வைக்கும், இன்னைக்கும் ஆஸ்பத்திரில பிரசவ வலி வர்றதுக்கு டிரிப்ஸ்ல ஏத்துறது இதைத்தான். மூளைல ஹைபோதலாமஸ்ங்கிற பகுதில உருவாகி, அதுக்கு கீழ இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி வழியா ரத்தத்துக்கு வருது, கூடவே மூளைக்குள்ளயும் வேலை செய்யுது. வெறும் 9 அமினோ அமிலம் கோத்த சின்ன மாலை, அதை லேப்ல செஞ்சு காட்டுனதுக்கு வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955ல கெமிஸ்ட்ரி நோபல் குடுத்தாங்க.

2005ல சூரிச்ல இதை மூக்குல ஸ்பிரே அடிச்சு பாத்தாங்க, அடிச்சவங்க முன்ன பின்ன தெரியாத ஆளை நம்பி அதிகமா பணம் குடுத்தாங்க. அவ்ளோதான், உலகமே 'நம்பிக்கை ஹார்மோன்', 'கட்டிப்பிடி ஹார்மோன்'னு பேரு வச்சு கொண்டாடிடுச்சு. அப்புறம் 2020ல அதையே பெரிய அளவுல திரும்ப பண்ணி பாத்தாங்க, அந்த மாதிரி பொதுவான நம்பிக்கை எதுவும் ஏறல. நடுவுல நெதர்லாந்துல பண்ணதுதான் டீமுக்கு ரொம்ப பொருத்தம்: ஆக்ஸிடோசின் அடிச்சவங்க சொந்த குரூப் ஆளுங்க கிட்ட அதிகமா விட்டுக்குடுத்தாங்க, எதிர் குரூப் நம்மள மிதிச்சுடுவான்னு தோணுனா முந்திக்கிட்டு அவனை அடிக்கவும் தயாரா இருந்தாங்க. பாசம் எல்லாருக்கும் இல்லைங்க, நம்ம ஆளுங்களுக்கு மட்டும். ஐவரி கோஸ்ட் நாட்டுல டாய் (Taï)ங்கிற காட்டுல சிம்பன்சிங்க பக்கத்து கூட்டத்தோட சண்டைக்கு கிளம்புறதுக்கு முன்னாடியும் சண்டை நடக்குறப்பவும் அதுங்க சிறுநீர்ல ஆக்ஸிடோசின் அதிகமா இருக்கிறத 2017ல கண்டுபிடிச்சாங்க. பெட் மேட்ச்சுக்கு தெருமுனைல கூடுற பசங்கதான், வேற என்ன.

மனுஷன் நிஜமா மேட்ச் ஆடிட்டு இருக்கிறப்போ அவன் மூளைக்குள்ள எவ்ளோ ஆக்ஸிடோசின் ஓடுதுன்னு அளக்குறது கஷ்டம், ரத்தத்துல இருக்கிற அளவு மூளைல இருக்கிறத அப்படியே காட்டாது. அதனால விளையாட்டுல ஆக்ஸிடோசின்னு பேசுறது நிறைய சுத்தி வளைச்சு பேசுறதுதான். அதுல ரெண்டு ரொம்ப சுவாரசியமானது. ஒண்ணு, உலகக் கோப்பைலயும் ஐரோப்பிய கோப்பைலயும் நடந்த பெனால்டி ஷூட் அவுட்டுங்கள எடுத்து, கோல் போட்டவன் எப்படி கொண்டாடுனான்னு ஒவ்வொண்ணா பாத்தாங்க. ரெண்டு கையையும் விரிச்சு, நெஞ்ச நிமித்தி கொண்டாடுனவனோட டீம் கடைசில ஜெயிச்சது அதிகம், அடுத்து அடிக்க வந்த எதிர் டீம் ஆளு தவற விட்டதும் அதிகம். அவன் கொண்டாட்டம் நடு கிரவுண்டுல வரிசையா தோள்ல கை போட்டு நிக்கிற அவன் டீமுக்கு ஒட்டிக்கும், அந்த ஒட்டிக்கிறதுக்கு பின்னாடி ஆக்ஸிடோசின் இருக்கலாம்னு அதுல இருந்த ஆராய்ச்சியாளரே 2012ல எழுதுனாரு. இருக்கலாம், அவ்ளோதான்.

இன்னொன்னு அமெரிக்காவோட என்பிஏ கூடைப்பந்து. 2008-09 சீசன் ஆரம்பத்துல ஒவ்வொரு டீமும் எத்தனை தடவ ஒருத்தர ஒருத்தர் தொடுறாங்கன்னு எண்ணுனாங்க: கை தட்டுறது, முஷ்டி முட்டுறது, நெஞ்சோட நெஞ்சு இடிச்சுக்கிறது, தலைல செல்லமா ஒரு தட்டு. நிறைய தொட்டுக்கிட்ட டீம் சீசன்ல பின்னாடி நல்லா ஆடுச்சு, ஒருத்தருக்கு ஒருத்தர் உதவுறதும் அதிகம். ஹார்மோன் இதுல யாரும் அளக்கல. நல்லா ஆடுற டீம்தானே சந்தோஷத்துல நிறைய தொட்டுக்கும்னு கேப்பீங்க, நானும் கேட்டேன், அதையும் கணக்குல எடுத்து கழிச்சு பாத்திருக்காங்க. கபடில டிஃபென்ஸ் ஆளுங்க கையோட கை கோத்து செயின் போட்டு நிக்கிறத பாக்கிறப்போ எனக்கு இதுதான் தோணும். ரைடர் காலை நீட்டுறப்போ கார்னர்ல நிக்கிறவன் நகந்தா அந்த இழுப்புலயே கவர்ல நிக்கிறவனுக்கு தெரிஞ்சிடும், கத்தி சொல்லவே தேவையில்ல. தொடுறது அங்க பாசத்துக்கு இல்ல, தகவலுக்கு. ஆனா ஒரு மணி நேரம் ஒருத்தன் கைய பிடிச்சு ஆடிட்டு அவன் மேல ஒட்டுதல் வராம இருக்குமாங்கிறது என் யூகம், எந்த லேபும் சொல்லல.

எண்டார்ஃபின விட்டுட்டா தப்பு. உடம்பே செய்யுற வலி மாத்திரை. ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி படகு டீம்ல 12 பேர ரோயிங் மெஷின்ல 45 நிமிஷம் தனியா ஒரு நாள், எல்லாரும் ஒரே தாளத்துல சேந்து ஒரு நாள் ஓட்ட விட்டாங்க. அப்புறம் பிபி பாக்கிற பட்டைய கையில சுத்தி இறுக்கிட்டே போயி எப்போ வலிக்குதுன்னு கேட்டாங்க. அதே அளவு உழைப்புதான், ஆனா சேந்து ஓட்டுன நாள்ல ரொம்ப அதிக வலிய தாங்குனாங்க. தாளம் பிடிச்சு சேந்து உழைச்சா எண்டார்ஃபின் கூடுதலா சுரக்குதுன்னு இதை எடுத்துக்கிறாங்க. நாத்து நடுறப்போவும் ஏத்தம் இறைக்கிறப்போவும் பாட்டு பாடுனாங்களே, அலுப்பு தெரியாம இருக்கத்தான்னு பாட்டிங்க சொன்னது சும்மா இல்ல.

'சரிப்பா, இதை வச்சு நான் என்ன பண்றது'னு கேக்கிற கேப்டனுங்களுக்கு: தூங்க விடுங்க. இளம் ஆம்பளைங்கள ஒரு வாரம் ராத்திரி 5 மணி நேரம் மட்டும் தூங்க வச்சா பகல்ல டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறையுதுன்னு 2011ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. ஞாயித்துக்கிழமை டோர்னமெண்ட்டுக்கு சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வேன்ல பாட்டு போட்டு ஆடிட்டு போற டீம் எத்தனையோ பாத்திருக்கேன். ஆன்லைன்ல 'ஆக்ஸிடோசின் ஸ்பிரே, டீம் பாண்டிங்'னு எவனாவது வித்தா வாங்காதீங்க, மேல சொன்னத படிச்சாலே ஏன்னு தெரியும். டெஸ்டோஸ்டிரோன் ஊசி பக்கமே போகாதீங்க, அது ஊக்கமருந்து, மாட்டுனா தடை, மாட்டலன்னாலும் வெளியில இருந்து ஊத்துனா உடம்பு தானா சுரக்கிறத நிறுத்திடும்.

கடைசியா ஒண்ணு, கிரவுண்டுல இறங்காதவங்களுக்கும் இது நடக்குது. 1994 உலகக் கோப்பை ஃபைனல், பிரேசிலும் இத்தாலியும், கோலே இல்லாம பெனால்டிக்கு போயி இத்தாலியோட பாஜ்ஜியோ பந்த மேல தூக்கி அடிச்சாரே அந்த மேட்ச், அதை அமெரிக்காவுல டிவில பாத்துட்டு இருந்த ரசிகர்களோட எச்சில மேட்ச்சுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடுத்தாங்க. ஜெயிச்ச பிரேசிலோட ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறியிருந்துச்சு, இத்தாலிக்காரங்களுக்கு இறங்கியிருந்துச்சு. 2010 ஃபைனல்ல ஸ்பெயின் ரசிகர்களுக்கு மேட்ச் பாக்கிறப்போ கார்டிசாலும் சேந்து ஏறுச்சு, வெறி பிடிச்ச ரசிகனுக்கு இன்னும் கூட. சேர்ல உக்காந்து முறுக்கு தின்னுட்டு இருக்கிற ஆளோட உடம்பு, அங்க ஓடுறவன நம்ம ஆளுன்னு எடுத்துக்குது. எங்க அப்பா இந்தியா மேட்ச்ல கடைசி ஓவர்னா டிவி முன்னாடி இருக்கவே மாட்டாரு, மொட்டை மாடிக்கு போயிடுவாரு. தெருவுல வெடி சத்தம் கேட்டாதான் கீழ இறங்கி வருவாரு. கேக்கலன்னா அங்கயே தொட்டிச் செடிக்கு தண்ணி ஊத்திட்டு இருப்பாரு, ராத்திரி பதினோரு மணிக்கு.